ஓடிபி சொல்வதற்கு முன்

எங்கள் அடுக்ககத்தில் பகலில் வீட்டில் இருப்பவர்கள் குறைவு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் இருக்கிறேன். அதனால் எல்லா மாடிக்கும் வரும் பார்சல்கள் பெரும்பாலும் என் கை வழியாகத்தான் போகின்றன. வாங்கி வைப்பதில் ஆரம்பித்த வேலை, கெட்டுப்போய் வந்ததைத் திருப்பி அனுப்புவது, பிக்கப்புக்கு எடுத்துக் கொடுப்பது, வராத பணத்தைத் துரத்துவது என்று வளர்ந்துவிட்டது. திருச்சி தில்லை நகர்ப் பக்கம் அடுக்ககத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள். அவர்களுக்கும், அவர்களை நம்பி ஆர்டர் போடுகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெட்டி வாசலுக்கு வெளியே இருக்கும்வரை அதற்கு அனுப்பியவர்தான் பொறுப்பு. ஓடிபியைச் சொல்லிவிட்டால், அல்லது கையெழுத்துப் போட்டுவிட்டால், "நல்லபடியாகப் பெற்றுக்கொண்டார்" என்று கம்பெனிக் கணக்கில் ஏறிவிடும். அதன்பின் உடைந்திருந்தது, காலியாக இருந்தது, வேறு பொருள் இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். உள்ளே வாங்கியதைத் திருப்புவது ஒரு வாரத்து அலைச்சல். வாசலிலேயே வேண்டாம் என்பது இரண்டு நிமிடப் பேச்சு. ஆனாலும் நம் வீடுகளில் மறுக்கத் தயங்குகிறோம். வெயிலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் எப்படித் திருப்பிக் கொண்டுபோ என்பது என்று மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

அந்தத் தயக்கம் நல்ல குணம்தான். பல இடங்களில் டெலிவரி ஆன பெட்டிக்குத்தான் அவர்களுக்குக் கூலி. மறுத்த பெட்டிக்கு இல்லை. அதனால் அவர்கள், "அம்மா, ஓடிபி சொல்லிட்டுப் பிரிச்சுப் பாருங்க, சரியில்லேன்னா ரிட்டர்ன் போட்டுக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அதில் வஞ்சகம் இல்லை, பிழைப்பு இருக்கிறது. நான் அப்போது சொல்வது இது: "தம்பி, பெட்டி ஒரு பக்கம் அமுங்கி இருக்கு பாருங்க. கஸ்டமர் வேண்டாம்னுட்டாங்க, பெட்டி டேமேஜ்னு போட்டுக்குங்க. உங்க மேல தப்பில்லேன்னு கம்பெனிக்கு நானே எழுதிடறேன்." எழுதவும் செய்கிறேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

மறுக்கும்போது கவனிக்க வேண்டியது, அவர் தன் போனில் என்ன காரணத்தைத் தட்டுகிறார் என்பது. "வீடு பூட்டியிருந்தது", "முகவரி கிடைக்கவில்லை" என்று தட்டிவிட்டால் பெட்டி மறுநாள் அதே கோலத்தில் மறுபடி வரும். கம்பெனியும் நாம் மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளாது. அவர் இருக்கும்போதே பெட்டியின் லேபிளையும் அடிபட்ட பக்கத்தையும் படம் எடுத்துவிடுவேன். லேபிளில் ஆர்டர் எண்ணைவிட முக்கியம், கூரியரின் ஏர்வே பில் எண். பிற்பாடு எந்தக் கேள்வி வந்தாலும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அவர் படி இறங்குவதற்குள் கம்பெனியின் சாட்டிலோ மின்னஞ்சலிலோ "இந்தக் காரணத்துக்காக வாங்க மறுத்தேன்" என்று ஒரு வரி, படத்தோடு. கொஞ்ச நேரத்தில் டிராக்கிங்கில் ஆர்டிஓ என்று காட்டும். பெட்டி அனுப்பிய இடத்துக்கே திரும்புகிறது என்று அர்த்தம். முன்பணம் கட்டியிருந்தால், பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் பல கம்பெனிகள் பணத்தை விடும். அதுவரை பொறுத்திருக்கலாம், அந்த ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

எதற்கெல்லாம் மறுக்கலாம்? டேப் பிரிந்து மறுபடி ஒட்டியிருந்தால், அட்டை நனைந்திருந்தால், கண்ணாடிப் பொருள் ஆட்டினால் கலகலத்தால், கேன்சல் செய்தபிறகும் கிளம்பி வந்துவிட்டால், கேட்ட எடைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தால். எடை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடிப் பெண் ஒரு போன் ஆர்டர் செய்திருந்தாள். பெட்டியை வாங்கிக் கையில் வைத்ததுமே காற்றுபோல் இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். லேபிளில் அச்சாகியிருந்த எடையில் பாதிகூட இல்லை. டேப்பும் இரண்டு நிறத்தில் இருந்தது. அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஓடிபி சொல்லாமல் திருப்பிவிட்டோம். உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. அவள் பணம் முழுசாகத் திரும்பியது.

ஆனால் லேபிள் எடையை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகக்கூடாது. கூரியர்கள் பருமனை வைத்தும் எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 40, 40, 20 அளவுள்ள ஒரு தலையணைப் பெட்டி அந்தக் கணக்கில் 6.4 கிலோ ஆகிவிடும். தராசில் ஒரு கிலோகூட நிற்காது. ஆகவே எடை குறைந்தால் சந்தேகப்படுங்கள். டேப்பையும் அட்டையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை உயர்ந்த போன், டிவி போன்றவற்றுக்கு இப்போது ஓபன் பாக்ஸ் டெலிவரி வைத்திருக்கிறார்கள். கொண்டு வருகிறவரே நம் முன்னால் பிரித்துக் காட்டுவார். பார்த்துச் சரி என்றபின்தான் ஓடிபி. ஆர்டர் போடும்போது அந்த வசதி இருந்தால் விடாதீர்கள். ஆனால் இது இரண்டு பக்கமும் கூர் உள்ள ஏற்பாடு. பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் சார்ஜர் இல்லை, திரையில் கீறல் என்று போனால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். எனவே அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் பாருங்கள். போன் என்றால் ஆன் செய்து ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண், திரையில் வரும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். டிவி என்றால் கரண்ட் கொடுத்து ஒருமுறை திரையைப் பார்த்துவிடுங்கள். கூடவே ஒருவர் வீடியோ எடுக்கட்டும்.

யாரும் ஆர்டர் செய்யாத கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் தனி ரகம். வீட்டில் வயசானவர்கள் மட்டும் இருக்கும் நேரமாக வரும். பெயர், முகவரி, போன் எண் எல்லாம் சரியாக இருக்கும். தொகை சிறியதாக, கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடக்கூடியதாக இருக்கும். பேரன் போட்டிருப்பான், மருமகள் போட்டிருப்பாள் என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிரித்தால் உள்ளே ஒன்றுக்கும் ஆகாத பொருள். எங்கள் அடுக்ககத்தில் இதற்காக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: ஆர்டர் போட்டவர் வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருந்தால் ஒழிய, பணம் கொடுத்து எதையும் வாங்குவதில்லை. பாட்டிமார்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், "எனக்குத் தெரியாது, திருப்பிக் கொண்டுபோங்க" என்றால் போதும் என்று.

இதன் அடுத்த கட்டம் ஆபத்தானது. பார்சலை மறுத்த சற்று நேரத்தில், "அப்படின்னா ஆர்டரைக் கேன்சல் செய்யணும், உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று ஒரு அழைப்பு வரும். மறுப்பதற்கு இப்படிப் போனில் ஓடிபி சொல்லத் தேவையில்லை. டெலிவரி ஓடிபி என்பது பொருளைக் கையில் வாங்கும்போது சொல்வது மட்டுமே. போனில் அழைத்துக் கேட்கும் ஓடிபி உங்கள் வாட்ஸ்அப்புக்கோ வங்கிக் கணக்குக்கோ சாவியாக இருக்கலாம். தபால் துறை பெயரிலேயே "முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கில் திருத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகளும் மோசடிதான். மத்திய அரசின் பிஐபி உண்மைக் கண்டறியும் பிரிவே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மறுப்பது பற்றிப் பேசும்போதே இன்னொன்று. வக்கீல் நோட்டீஸ், நீதிமன்றக் கடிதம் போன்றவற்றை இதே பழக்கத்தில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சரியான முகவரிக்குப் பதிவு செய்த தபாலில் வந்ததை வாங்க மறுத்தால், அது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கடைப் பார்சலுக்கு உள்ள சுதந்திரம் அதற்கு இல்லை.

சரி, வாங்கியாயிற்று. இனி பிரிப்பது. வெட்டுவதற்கு முன்பே வீடியோ ஓட ஆரம்பித்துவிட வேண்டும். முதலில் லேபிள் தெளிவாகத் தெரியட்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கமும். லேபிள் இல்லாத பக்கமாக வெட்டுங்கள். லேபிள் கிழிந்தால் பாதிச் சாட்சி போயிற்று. நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, பொருளை வெளியே எடுத்து அதன் எண்ணைக் காட்டும்வரை. வெட்டி ஒட்டிய வீடியோ என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. திருப்பும் கெடு முடியும்வரை பெட்டி, பஞ்சு, டேக், பில் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். அந்தக் கெடு டெலிவரி ஆன தேதியிலிருந்து ஓடுகிறது. நீங்கள் ஊரிலிருந்து வந்து பிரித்த தேதியிலிருந்து இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதனால் நான் யாருக்கு வாங்கி வைத்தாலும், அவர்களைக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே வீடியோவோடு பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.

இப்போது சட்டம். இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். வாங்கிய பொருள் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், திருப்பித்தான் ஆகவேண்டும் என்று கேட்கும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவாக இல்லை. அது கடைக்காரர் தன் விருப்பத்தில் கொடுக்கும் சலுகை. அவர் எத்தனை நாள் என்கிறாரோ அத்தனை நாள். மாற்று மட்டும்தான் என்றால் மாற்று மட்டும்தான். உள்ளாடை, மளிகை, பெயர் பொறித்துச் செய்த பொருள் போன்றவற்றுக்கு அந்தச் சலுகையும் பெரும்பாலும் கிடையாது. வாங்கும் முன் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். போன்கள் பலவற்றுக்கு, பழுது என்றால் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் "வந்தபோதே பழுது" என்று சான்று வாங்கிக் காட்டச் சொல்வார்கள். அதற்கும் கெடுவுக்குள்தான் ஓட வேண்டும்.

ஆனால் பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருள் ஆகியவற்றை விற்றவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக்கூடாது என்கின்றன. வெள்ளம், புயல் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. கடைசியாகச் சொன்ன தாமதம் பற்றிய பகுதி பலருக்குத் தெரியாது. என் தங்கை மகளின் வளைகாப்புக்கு என்று ஒரு கடையில் பட்டுப்புடவை போட்டிருந்தோம். வளைகாப்பு முடிந்து விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிப் போனபின் வந்தது. "புடவையில் குறையில்லை, திருப்ப முடியாது" என்றார்கள். குறிப்பிட்ட தேதியை அவர்களே எழுதியிருந்த மின்னஞ்சலையும் இந்த விதியையும் சேர்த்து, கோபமில்லாமல் நாலே வரி எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் ரிட்டர்ன் போடும்போது காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் முதலில் இருக்கிறது என்று "பிடிக்கவில்லை" என்பதைத் தட்டினால், சட்டம் கொடுத்த உரிமையை விட்டுவிட்டுக் கடைக்காரரின் சலுகைக்குள் போய் நிற்கிறீர்கள். தையல் விட்டிருந்தால் தையல் விட்டிருக்கிறது என்று போடுங்கள், படத்தோடு. அதேபோல், பிடிக்காததற்குப் பழுது என்று பொய் சொல்லாதீர்கள். நிஜமாகவே பழுதான பொருளோடு வருகிற அடுத்தவரை அந்தப் பொய்தான் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

பிக்கப்புக்கு வருகிறவர் பொருளைத் தன் போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுப்பார். டேக் இல்லை, நிறம் ஒத்துப்போகவில்லை, டப்பா இல்லை என்று அவர் விட்டுப்போனால், "வாடிக்கையாளர் ரத்து செய்தார்" என்று பதிவாகி ரிட்டர்னே மூடிப்போகக்கூடும். எடுக்காமல் போனால் காரணத்தை அவர் எதிரிலேயே கம்பெனிக்கு எழுதிவிடுங்கள். எடுத்துக்கொள்கிறார் என்றால், ரசீதோ குறுஞ்செய்தியோ வரும்வரை பெட்டியைக் கையை விட்டு விடாதீர்கள். போன், லேப்டாப் என்றால் அதற்கு முன்பே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, சிம்மை எடுத்துவிட வேண்டும். கணக்கு பூட்டியபடியே போன போனை ஏற்கமாட்டார்கள். அழிக்காமல் போன போனில் உங்கள் வீட்டுப் படங்கள் முன்பின் தெரியாத கைகளுக்குப் போகும்.

சில ஊர்களுக்குப் பிக்கப் இல்லை, நீங்களே அனுப்புங்கள் என்பார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதில் எடை அச்சாகி வரும். முழுப் பொருளையும் அனுப்பினீர்கள் என்பதற்கு அது சாட்சி. அந்த ரசீதை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் அச்சு சீக்கிரம் மங்கிவிடும். அனுப்பும் செலவை அவர்கள் தருவார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

பணம் திரும்புவது நான் பல வருஷம் பார்த்த வேலை. "ரீஃபண்ட் செய்துவிட்டோம்" என்று கம்பெனி சொல்வதும் உங்கள் கணக்கில் பணம் விழுவதும் இரண்டு வேறு விஷயம். நாளாகியும் விழவில்லை என்றால் "எப்போ வரும்" என்று கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் ஏஆர்என், வங்கி மாற்றல் என்றால் யூடிஆர். அந்த எண்ணைக் கொடுத்தால் வங்கியில் உள்ளவர் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்ல முடியும். அந்த எண்ணையே தரமுடியாதவர்கள் இன்னும் பணத்தை அனுப்பவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். கட்டிய வழியிலேயே பணம் திரும்பட்டும்; கடையின் வாலட்டில் போடுகிறோம், உடனே வந்துவிடும் என்றால் சம்மதிக்காதீர்கள். அங்கே விழுந்தது மறுபடி அங்கேயே வாங்கத்தான் உதவும். மாதத் தவணையில் வாங்கியிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பொருளின் விலை கார்டுக்குத் திரும்பினாலும், தவணை தானாக நிற்காமல் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் உண்டு. வங்கிக்குப் போன் செய்து தவணையை மூடச் சொல்லி, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சரிபாருங்கள். பொருளும் வராமல் பணமும் வராமல் நின்றால், கார்டு கொடுத்த வங்கியிடமே அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் செய்யலாம். அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. செய்யச் சொல்கிறவர் உங்கள் பணத்தை எடுக்க வந்தவர்.

பேச்சு ஒரு இடத்தில் முட்டி நின்றால், கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு மின்வணிகக் கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டாக வேண்டும். புகார் கிடைத்து 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை; ஆனால் அங்கிருந்து ஒரு புகார் எண்ணோடு கடிதம் போனாலே நிறைய கம்பெனிகள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் குருகிராமில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். நீங்கள் எடுத்து வைத்த படம், வீடியோ, மின்னஞ்சல்தான் அங்கே உங்களுக்காகப் பேசும்.

இவ்வளவும் சொன்னபிறகு மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. இப்போது சின்னாளப்பட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் நெய்கிற குடும்பங்கள் தாங்களே படம் போட்டு விற்கின்றன. கேஷ் ஆன் டெலிவரியில் ஒரு புடவையை அனுப்பி, வாசலில் வேண்டாம் என்று திரும்பினால், போன கூலியும் வந்த கூலியும் அவர்கள் தலையில். பெரிய கம்பெனி தாங்கும். இவர்களுக்கு அந்தப் புடவையின் லாபமே போய்விடும். நாலு கடையில் நாலு புடவை போட்டுவிட்டு முதலில் வந்ததை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும், விசேஷத்துக்குக் கட்டிவிட்டு டேக்கோடு திருப்பி அனுப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. கைத்தறியில் நிறம் படத்துக்கும் நேருக்கும் ஓர் இழை மாறும். நூலில் சின்ன முடிச்சு இருக்கும். அது குறை இல்லை. சின்ன விற்பனையாளர் என்றால் நான் வாங்கும் முன்பே போன் செய்து பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டுவிடுகிறேன். வந்தபின் நிஜமாகவே குறை இருந்தால் ரிட்டர்ன் போடுவதற்கு முன் அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அன்றைக்கே வேறொன்றை அனுப்பிவிடுகிறார்கள்.

மனசு மாறிவிட்டது என்றால், பார்சல் அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கேன்சல் செய்துவிடுங்கள். "ஆர்டர் உறுதி" என்பதற்கும் "அனுப்பப்பட்டது" என்பதற்கும் நடுவில் உள்ள அந்தச் சில மணி நேரத்தில் கேன்சல் செய்தால், கூரியர் செலவு அவர்களுக்கும் இல்லை, ரீஃபண்ட் அலைச்சல் உங்களுக்கும் பெரும்பாலும் இருக்காது.